சீதமும் தீட்டும்

(ஏரலில் நடந்த பொதுக்கூட்டத்தில் செய்த சொற்பொழிவு)



இன்று நான் பேச எடுத்துக் கொண்ட விஷயத்தைச் சொன்னால் உங்களில் சிலர் முகத்தைச் சுளிக்கக் கூடும். கடவுளைப் பற்றிப் பேசுவான், ஜாதியைப் பற்றிப் பேசுவான் என்று எதிர்பார்த்து வந்திருப்பீர்கள். நான் பேசப் போவதோ மலத்தைப் பற்றி. அதிலும் மலத்தோடு சளி சளியாகச் சீதம் இறங்குகின்றதே, அதைப் பற்றி. "இது மேடையில் பேசுகிற பேச்சா?" என்று தலைவர் அவர்களே சற்று முன்பு சிரித்துக் கொண்டு கேட்டார். மேடையில் பேசாததாலும், வீட்டில் பேசாததாலும், வைத்தியரிடத்தில் போயும்கூட வாயைத் திறந்து பேசாததாலும்தான் நம்மில் அநேகர் சாகிறார்கள். ஆகவே பேசத்தான் போகிறேன். கடவுளும் ஜாதியும் அழைக்காமலே இதற்குள் வந்து சேர்ந்து கொள்வார்கள், பாருங்கள்.

முதலாவது, மலத்தில் சளி எப்படி வருகின்றது? மூக்கிலும் தொண்டையிலும் சளி ஊறுவது போலவே குடலின் உட்புறத் தோலிலும் எப்பொழுதும் ஒருவிதச் சளி ஊறிக் கொண்டிருக்கின்றது. வண்டி அச்சுக்கு மை போடுகிறோமே, அதைப் போல மலம் உராயாமல் வழுக்கிச் செல்வதற்கும், குடலின் தோலைக் காப்பதற்கும் அது வேண்டியிருக்கின்றது. சௌக்கியமாக இருக்கிறவனுடைய மலத்திலும் அது கொஞ்சம் இருக்கத்தான் செய்யும், கண்ணுக்குத் தெரியாது. குடலை ஏதாவது ஒன்று உறுத்தினால், கண்ணில் தூசி விழுந்தால் நீர் வடிவது போல, சளி அதிகமாக வடிகின்றது. அப்பொழுதுதான் கண்ணுக்குத் தெரிகின்றது. ஆகவே சீதம் என்பது தனியே ஒரு வியாதியல்ல. உள்ளே ஏதோ உறுத்துகின்றது என்று குடல் அனுப்புகிற செய்தி அது. உறுத்துவது தூசியா, கத்தியா என்று பார்ப்பதுதான் அறிவுள்ளவன் செய்ய வேண்டிய வேலை.

நாம் என்ன செய்கின்றோம்? பெரியவர்களுக்கு வந்தால் "சூடு" என்கின்றோம். மருமகள் வந்த வீடாக இருந்தால் "இடுமருந்து வைத்து விட்டாள், அது இறங்குகின்றது" என்கின்றோம். மருந்து எடுக்கிறவன் ஒருவன் வந்து வாந்தி எடுக்க வைத்து, அதிலிருந்து ஒரு கட்டியை எடுத்துக் காட்டிப் பணம் வாங்கிக் கொண்டு போகின்றான். அந்தக் கட்டியை முன்கூட்டியே அவன் எங்கே வைத்திருந்தான் என்று கேட்க ஒருவருக்கும் தோன்றுவதில்லை. கைக்குழந்தைக்கு வந்தாலோ "தொக்கம்" என்று வயிற்றில் வாயை வைத்து உறிஞ்சுகிறவரிடம் தூக்கிக் கொண்டு ஓடுகின்றோம். இல்லாவிட்டால் "உரம் விழுந்து விட்டது", "குடலேற்றம்" என்று எண்ணெயைத் தடவி வயிற்றைப் பிசைகின்றோம். இவை எல்லாவற்றிலும் மோசமானது எது என்றால், குழந்தை பச்சையும் சளியுமாகப் போனால் "தோஷம்" என்று சொல்லுவதுதான். அதாவது, வீட்டுக்குத் தூரமான ஒரு பெண்ணுடைய நிழல் பட்டு விட்டதாம். அவள் தொட்டு விட்டாளாம். அந்தத் தீட்டு குழந்தையின் வயிற்றுக்குள் போய்ச் சீதமாக வருகின்றதாம்!

தோழர்களே! மாதாமாதம் எல்லாப் பெண்களுக்கும் இயற்கையாக வருவது குழந்தையின் குடலைக் கெடுக்குமானால், உலகத்தில் ஒரு குழந்தையாவது பிழைத்திருக்க முடியுமா? ஆஸ்பத்திரியில் பிரசவம் பார்க்கிற நர்சுகளும் டாக்டர்களும் மாதத்தில் மூன்று நாள் விலகியா இருக்கிறார்கள்? அவர்கள் கை பட்ட குழந்தைகள் எல்லாம் சீதபேதியில் போய் விட்டனவா? இதற்கு ஒரு சாஸ்திரியாவது, ஒரு மந்திரவாதியாவது சமாதானம் சொல்லட்டும். குழந்தையின் பால் புட்டியைக் கழுவிய தண்ணீர் எங்கிருந்து வந்தது என்று கேட்டிருந்தால் காரணம் அரை நாழிகையில் தெரிந்திருக்கும். அதைக் கேட்காமல், மூலையில் ஒதுங்கி உட்கார்ந்திருக்கிற ஒரு பெண்ணின் தலையில் பழியைப் போட்டு விட்டுச் சும்மா இருக்கின்றோம். வியாதிக்குக் காரணம் கண்டு பிடிப்பதற்குப் பதிலாகக் குற்றவாளி ஒருத்தியைக் கண்டு பிடிப்பதுதான் நம் வைதீக வைத்தியம்.

நிற்க. சீதம் வந்தவர்கள் எல்லாரும் பயப்பட வேண்டும் என்று நான் சொல்ல வரவில்லை. பெரும்பாலும் அது சாதாரணக் காரணத்தால் வருவதுதான். மலச்சிக்கல் உள்ளவனுக்குக் கெட்டியான மலம் குடலை உராய்வதால் மேலே சளி சுற்றிக் கொண்டு வரும். தண்ணீர், கீரை, பழம், தவிட்டோடு கூடிய தானியம் இவற்றைச் சேர்த்துக் கொண்டாலே அநேகமாகச் சரியாகும். சிலருக்குப் பால் ஒத்துக் கொள்ளாது. குடித்தால் வயிறு பொருமிக் கழியும். இன்னும் சிலருக்கு, கடன்காரன் வருகிற நாள், பரீட்சை நாள், கோர்ட்டில் வாய்தா நாள் என்றால் வயிறு முறுக்கிக் கொண்டு இரண்டு மூன்று தடவை போகும். போனதும் வலி தணியும். வெள்ளைச் சளியும் வரும். இவர்களுக்குக் குடல் கெட்டிருக்கவில்லை. அதன் நரம்பு சிறிது ரோஷமுள்ளதாக இருக்கின்றது, அவ்வளவுதான். ரத்தம் இல்லை, காய்ச்சல் இல்லை, உடம்பு இளைக்கவில்லை, தூக்கத்திலிருந்து எழுந்து ஓட வேண்டியதில்லை என்றால் ஒரு தடவை டாக்டரிடம் காட்டித் தைரியம் பெற்றுக் கொண்டால் போதும். தாய்ப்பால் குடிக்கிற குழந்தை நாளைக்கு ஏழெட்டுத் தடவை மஞ்சளாகவோ சில சமயம் பச்சையாகவோ கொஞ்சம் சளியோடு போகலாம். அது நன்றாகப் பால் குடித்து, சிரித்து, எடை ஏறிக் கொண்டிருக்குமானால் அதற்கு வைத்தியமே வேண்டாம். மந்திரம் போட்டுத் "தோஷம்" தீர்ந்ததாகச் சொல்லப்படுகிற குழந்தைகளில் பாதி இப்படிப்பட்டவைதான் என்பது என் அபிப்பிராயம். தானே சரியாகிறதற்குப் பூசாரி கூலி வாங்கிக் கொள்கின்றான்.

ஆனால் சீதத்தோடு ரத்தமும் காய்ச்சலும் வயிற்றுக் கடுப்பும் சேர்ந்தால் அது வேறு விஷயம். அதுதான் சீதபேதி. இது இரண்டு வகைக் கிருமிகளால் முக்கியமாக வருகின்றது. 1875-ல் ருஷிய தேசத்துச் செயின்ட் பீட்டர்ஸ்பர்க் நகரில் லோஷ் என்ற டாக்டர், பல மாதமாகக் கழிந்து கொண்டிருந்த ஒரு குடியானவனுடைய மலத்தைப் பூதக்கண்ணாடியில் வைத்துப் பார்த்து, அதிலே ஊர்ந்து கொண்டிருந்த அமீபாவைக் கண்டார். 1897-ல் ஜப்பானில் சீதபேதி பரவிச் சுமார் 90,000 பேரைப் பிடித்து, ஐந்தில் ஒருவருக்கு மேல் கொன்றது. அப்பொழுது கியோஷி ஷிகா என்ற இளம் டாக்டர் நோயாளிகளின் மலத்தைச் சோதித்து அதற்குரிய கிருமியைக் கண்டு பிடித்தார். இந்த இரண்டு பேரும் செய்த காரியம் என்ன? நாம் பார்க்கவும் கூசுவதை உட்கார்ந்து உற்றுப் பார்த்தார்கள். அவர்களும் "சீ, தீட்டு!" என்று ஸ்நானம் செய்யப் போயிருந்தால் இன்றைக்கும் நாம் காளிக்கு ஆடு வெட்டிக் கொண்டிருக்க வேண்டியதுதான்.

நாட்டு மருந்து என்றாலே நாங்கள் வெறுப்பவர்கள் என்று சிலர் சொல்லுகிறார்கள். அதுவும் தப்பு. பிரேசில் காட்டு ஜனங்கள் வைத்திருந்த ஒரு வேரைத்தான் ஐரோப்பியர் சீதபேதிக்குக் கொடுத்து வந்தார்கள். அந்த வேரின் சத்தைப் பிரித்து 1912-ல் கல்கத்தாவில் லியோனார்டு ரோஜர்ஸ் என்பவர் ஊசியாகப் போட்டு அமீபா சீதபேதிக்கு நல்ல பலன் கண்டார். பிற்பாடு அதைவிட அபாயம் குறைந்த மருந்து வந்ததும் டாக்டர்கள் அதை விட்டு விட்டார்கள். வேர் என்பதால் தள்ளவுமில்லை. பழையது என்பதால் கட்டிக் கொண்டு அழவுமில்லை. சோதித்தார்கள், நின்றதை வைத்துக் கொண்டார்கள். மோர், கஞ்சி, வெந்தயம் எதையும் நான் வேண்டாம் என்று சொல்லவில்லை. ரத்தம் போகிற போது அதை மட்டும் நம்பி நாள் கடத்தாதீர்கள் என்றுதான் சொல்லுகிறேன்.

இந்தக் கிருமிகள் எங்கிருந்து வருகின்றன? ஒருவன் மலத்திலிருந்து இன்னொருவன் வாய்க்கு வருகின்றன. ஷிகா கண்ட கிருமி பத்து முதல் நூறு வரை உள்ளே போனாலே போதும், ஆளைப் படுக்க வைத்து விடும். ஒரு நகக்கண்ணில் அதற்கு எவ்வளவோ இடம் இருக்கின்றது. "இடது கையால் கொடுக்காதே" என்று குழந்தையை அடிக்கின்றோம். "சோப்புப் போட்டுக் கழுவு" என்று சொல்லிக் கொடுப்பதில்லை. இடது கை தீட்டு என்பது நமக்குத் தெரியும். அழுக்கு என்பது தெரியாது. தீட்டுக்குத் தண்ணீரைத் தலையில் தெளித்தால் போதும். அழுக்குக்குத் தேய்த்துக் கழுவ வேண்டும். மலத்தைத் தொடுவது தீட்டு என்று அதற்காகவே ஒரு ஜாதியை ஒதுக்கி வைத்து, மனிதன் தலையில் மனிதன் மலத்தைச் சுமக்க வைத்த தேசம் இது. அதைத் தடுக்க 1993-ல் ஒரு சட்டமும், அது போதாமல் 2013-ல் இன்னொரு சட்டமும் வேண்டியிருந்தன. அப்படிப்பட்ட பரம சுத்தக்காரர்கள் அதே மலம் கலந்த ஆற்றுத் தண்ணீரைத் தீர்த்தம் என்று உள்ளங்கையில் வாங்கிக் குடிக்கிறார்கள். கிருமிக்குப் பூணூலும் தெரியாது, தீண்டாமையும் தெரியாது.

நம் தாமிரபரணியையே எடுத்துக் கொள்ளுங்கள். மேலே திருநெல்வேலியிலிருந்து எத்தனை சாக்கடை இதில் விழுகின்றது என்பதை 2024-ல் உயர்நீதிமன்ற மதுரைக் கிளையின் நீதிபதிகளே நேரில் வந்து பார்த்தார்கள். அந்தத் தண்ணீர் நம் படித்துறையைத் தாண்டித்தான் கடலுக்குப் போகின்றது. 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் என்ன ஆயிற்று என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை. ஆறு ஊருக்குள் வந்தது. பாலத்துப் பாதை அறுந்தது. ஏரல் தனித் தீவாக நின்றது. அப்பொழுது அக்கிரகாரத்துக் கக்கூசும், சேரிக் கக்கூசும், கோயில் தெப்பமும், குடிதண்ணீர்த் தொட்டியும் ஒரே தண்ணீரில் சமத்துவம் அடைந்து விட்டன. அந்த மாதிரிக் காலத்தில் தண்ணீரைக் கொதிக்க வைக்காமல் குடிக்கக் கூடாது. குளோரின் போட்டாயிற்று என்று மட்டும் இருந்து விடாதீர்கள். அமீபாவின் முட்டை போன்ற கூடு சாதாரணக் குளோரினுக்குச் சாகாது. கொதித்தால் சாகும்.

இவ்விடத்தில் ஒரு வார்த்தை. யாரும் கோபித்துக் கொள்ள வேண்டாம். 1908-ல் காலமான இவ்வூர்ச் சேர்மன் அருணாசல நாடார் அவர்களைக் கடவுளாக்கி, ஆடி அமாவாசைக்கு லக்ஷக் கணக்கில் கூடுகிறீர்கள். அவர் நல்ல சேர்மன் என்று பெயர் எடுத்தவர். அவரைப் பற்றி எனக்கு ஒரு குறையும் இல்லை. ஆனால் சேர்மன் என்றால் யார்? சாக்கடையையும் குடிதண்ணீரையும் கக்கூசையும் கவனிக்க வேண்டிய உத்தியோகஸ்தர். செத்துப் போன சேர்மனிடம் வியாதி தீர வேண்டுகின்ற நாம், உயிரோடு இருக்கிற தலைவர்களிடம் ஆற்றில் விழும் சாக்கடையை எப்பொழுது அடைப்பாய் என்று ஒரு விண்ணப்பமாவது கொடுத்திருக்கின்றோமா?

இனிக் காரியத்துக்கு வருவோம். கழிச்சல் கண்டவுடன் "தண்ணீர் கொடுத்தால் இன்னும் போகும்" என்று பச்சைக் குழந்தையின் நாக்கை உலர வைக்கிற தாய்மார்கள் இன்னும் இருக்கிறார்கள். அவர்கள் அன்பில்லாதவர்கள் அல்ல. அவர்களுக்கு அப்படிச் சொல்லிக் கொடுத்தவர்கள்தான் குற்றவாளிகள். குழந்தையைக் கொல்லுவது அநேகமாகக் கிருமியல்ல, நீர் வற்றுவதுதான். 1971-ல் வங்காள தேசத்திலிருந்து ஓடி வந்த அகதிகள் பொன்காவ் முகாமில் காலராவில் மடிந்த போது, ஊசியில் ஏற்றுகிற நீர் தீர்ந்து போய், திலீப் மஹலானபிஸ் என்ற டாக்டர் உப்பும் சர்க்கரையும் கலந்த தண்ணீரை டிரம்மில் கரைத்து வாய் வழியாகவே கொடுக்கச் சொன்னார். நூற்றுக்கு முப்பது என்றிருந்த சாவு நான்குக்கும் கீழே இறங்கிற்று. அந்தப் பொட்டலம் இன்றைக்கு ஆரம்ப சுகாதார நிலையத்தில் இனாமாகக் கிடைக்கின்றது. ஒரு பொட்டலத்துக்குக் கொதித்து ஆறிய தண்ணீர் ஒரு லிட்டர். பொட்டலம் இல்லாத வேளையில் ஒரு லிட்டருக்குச் சர்க்கரை தலை தட்டி 6 தேக்கரண்டி, உப்பு அரைத் தேக்கரண்டி. உப்பு மிஞ்சக் கூடாது. ஒவ்வொரு தடவை போன பிறகும் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுங்கள், தாய்ப்பாலை நிறுத்தாதீர்கள். குழந்தைகளுக்குத் துத்தநாக மாத்திரையும் கொடுப்பார்கள். கழிச்சல் நின்றாலும் 14 நாளும் கொடுத்து முடிக்க வேண்டும். ரத்தமும் காய்ச்சலும் இருக்கும் போது கடையில் வாங்கிக் கழிச்சலைக் கட்டுகிற மாத்திரையைப் போடாதீர்கள்; திருடனை உள்ளே வைத்துக் கதவைப் பூட்டினது போலாகும்.

டாக்டர் மலத்தைச் சோதிக்கச் சொன்னால் வெட்கப்பட்டுக் கொண்டு நேற்றையதை எடுத்துக் கொண்டு போகாதீர்கள். அமீபா உயிரோடு ஊர்வதைப் பார்க்க வேண்டுமானால் அரை மணி நேரத்துக்குள் சோதனை மேசைக்குப் போக வேண்டும். மருந்து கொடுத்தால் இரண்டு நாளில் நின்று விட்டது என்று பாதியில் விடாதீர்கள். குடலில் ஒளிந்து கொண்ட கூடுகளை ஒழிக்க இரண்டாவது மருந்தும் சில சமயம் வேண்டியிருக்கும். மிஞ்சினவை ரத்தத்தின் வழியாக ஈரலுக்குப் போய்ச் சீழ்க் கட்டி உண்டாக்கும்: காய்ச்சல், வலது விலாவின் கீழ் வலி, இளைப்பு. குடிப்பழக்கமுள்ள ஆண்களிடத்தில் இது அதிகம்; யாழ்ப்பாணத்தில் பனங்கள் குடிப்பவர்களிடம் கண்டிருக்கிறார்கள். பனங்காட்டில் இருக்கிற நமக்கு இது தெரிந்திருக்க வேண்டும்.

குழந்தை விஷயத்தில் ஒன்றை மட்டும் மனப்பாடம் செய்து கொள்ளுங்கள். மூன்று மாதம் முதல் இரண்டு வயது வரை உள்ள குழந்தை, திடீரென்று காலை மடக்கிக் கொண்டு வீரிட்டு அழுது, சற்று ஓய்ந்து, மறுபடியும் அழுது, வாந்தி எடுத்து, பிறகு சிவப்புக் கூழ் போல ரத்தமும் சளியுமாகப் போனால், அதன் குடலின் ஒரு பாகம் இன்னொரு பாகத்துக்குள் செருகிக் கொண்டிருக்கின்றது என்று அர்த்தமாகலாம். அதை டாக்டர்கள் காற்றையோ நீரையோ செலுத்தி அநேகமாகக் கத்தியில்லாமலே சரியாக்குகிறார்கள். நேரம் கடந்தால் குடல் அழுகி விடும். அந்தக் குழந்தையின் வயிற்றை எண்ணெய் போட்டுப் பிசைவது கொலைக்குச் சமானம். ராத்திரியானாலும் 108-ஐக் கூப்பிட்டுப் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்கள். பொழுது விடியட்டும் என்று இருக்காதீர்கள்.

பெரியவர்களில் யார் போக வேண்டும்? என் தகப்பனார் கதையைச் சொல்லுகிறேன். அதிலே எல்லாம் இருக்கின்றது. அவருக்கு வயது 58. ஒரு வருஷத்துக்கு மேல் சளியும் ரத்தமும் கலந்து போய்க் கொண்டிருந்தது. போய் வந்த பிறகும் இன்னும் போக வேண்டும் போல் இருக்கும். யாரிடமும் சொல்லவில்லை. மருமகள்கள் இருக்கிற வீட்டில் இதைப் போய் எப்படிச் சொல்லுவது என்று வெட்கம். தெரிந்த ஒருவர் "மூலம்" என்றார். இன்னொருவர் "சூடு" என்றார். குலதெய்வக் கோயில் சாம்பலை மோரில் கலந்து குடித்தார். வேஷ்டி இடுப்பில் நிற்காமல் இளைத்த பிறகுதான் எனக்குத் தெரிந்தது. ஊர் ஊராய்ப் போய் "வெட்கத்தை விடு, அறிவைக் கொண்டு பார்" என்று பிரசங்கம் செய்து கொண்டிருந்த நான், என் வீட்டுத் திண்ணையில் இளைத்துக் கொண்டிருந்தவரை "வயிறு எப்படி இருக்கின்றது, அப்பா?" என்று ஒரு நாளும் கேட்டதில்லை. ஆஸ்பத்திரியில் குழாய் விட்டுப் பார்த்து, பெருங்குடலில் புற்று, ஈரலுக்கும் போய் விட்டது என்றார்கள். "ஆறு மாதம் முந்தி வந்திருந்தால்..." என்று டாக்டர் ஆரம்பித்து நிறுத்திக் கொண்டார். நாலு மாதத்தில் அவர் போய் விட்டார்.

ஆகவே 45 வயதைத் தாண்டியவருக்குப் போக்குப் புதிதாக மாறினாலும், வீட்டில் யாருக்காவது குடல் புற்று இருந்திருந்தாலும், எந்த வயதிலும் ரத்தம் வந்தாலும், மலம் தார் போலக் கறுத்தாலும், காரணமில்லாமல் இளைத்தாலும், சோகை பிடித்தாலும், ராத்திரித் தூக்கத்தைக் கெடுத்துக் கொண்டு போனாலும், இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தாலும் போய்க் காட்டுங்கள். கண் குழிந்து, நாக்கு வறண்டு, ஆறு மணி நேரமாகச் சிறுநீர் இறங்காமல் சோர்ந்து கிடந்தால் அன்றைக்கே, அந்த மணிக்கே போங்கள். வாலிப வயதில் மாதக் கணக்கில் சீதமும் ரத்தமும் போவது குடற்புண் நோயாகவும் இருக்கலாம். மருந்தால் அடக்கி வைக்கக் கூடியது. மூலமாகவே இருந்தாலும் இருக்கட்டும். அதை டாக்டர் பார்த்துச் சொல்லட்டும். பக்கத்து வீட்டுக்காரர் சொல்ல வேண்டாம்.

பெரியார் அவர்கள் கடைசிக் காலத்தில் சிறுநீர் இறங்கும் குழாயோடும் அதற்குரிய பாத்திரத்தோடும்தான் ஊர் ஊராய் வந்தார். ஆயிரக் கணக்கான பேர் முன்னிலையில் அதை வைத்துக் கொண்டுதான் உட்கார்ந்து பேசினார். 1973 டிசம்பர் 19-ந் தேதி சென்னையில் கடைசியாகப் பேசின போதும் அந்தக் குழாய் இருந்தது. ஐந்து நாள் கழித்து வேலூர் ஆஸ்பத்திரியில் டாக்டர்கள் கையில் இறந்தார். 94 வயதில் அவருக்கு இல்லாத வெட்கம் நமக்கு எதற்கு?

நேரம் ஆகி விட்டது. பஸ்ஸுக்குப் போகிறவர்கள் எழுந்திருக்கிறார்கள். மேடைக்குக் கீழே ஒரு பெட்டி வைத்திருக்கின்றது. வாய் விட்டுக் கேட்க முடியாதவர்கள், முக்கியமாகத் தாய்மார்கள், பேர் போடாமல் ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதிப் போடலாம். எத்தனை நாளாக, என்ன நிறத்தில், ரத்தம் உண்டா இல்லையா என்று மட்டும் மறக்காமல் எழுதுங்கள். எனக்குத் தெரிந்ததற்கு அடுத்த வாரம் பத்திரிகையில் பதில் எழுதுகிறேன். ரத்தம் என்று எழுதுகிறவர்கள் என் பதிலுக்குக் காத்திருக்காமல் நாளைக் காலையில் ஆஸ்பத்திரிக்குப் போய் விடுங்கள்.